பெயரும் வேரும்

'நான் யார்?' என்னும் வினா ஞானியர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் மாணவனுக்கும் உரியதே. அதற்குரிய விடையை ஆசிரியர் ஊட்டலாமா? அன்றி, அவனே தேடிக்கொள்ளட்டும் என விட்டுவிடலாமா?

மாசாய்க் கடைத்தெருவில் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டு பெயர் சொல்லி அழைத்தேன். உடனிருந்த நண்பர்களைப் பார்த்துவிட்டு, மலாயில் வணக்கம் கூறி விரைந்து அகன்றான். அவன் மலாயில் பேசியது குறையன்று; அது நம் நாட்டு மொழி. தன் பெயரைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியதே என்னை உறுத்தியது. குற்றம் அவனுடையதா? தமிழைத் தேர்வுப் பாடமாக மட்டுமே தந்த என்னுடையதா?

இவ்விடத்தில் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு சிந்திக்கற்பாலது. 1913இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சேவியர் என அழைக்கப்பெற்ற அவர், 1934 முதல் 1939 வரை உரோமாபுரியில் இறையியல் பயின்றார். 1940இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியேற்றபோதுதான், தம் தமிழறிவு போதாதென உணர்ந்தார். பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார்; இலண்டனில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து முனைவரானார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வந்த அவரே, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழ வழிகோலினார்.

அடிகளார் பிறப்பால் தமிழர். எனினும் தமிழைத் தமதாக்கிக்கொண்டது கற்றலால். பன்மொழிப் புலமை அவரைத் தமிழிலிருந்து விலக்கவில்லை. ஒப்பிட்டு நோக்கும் கண்ணையே தந்தது. அவருடைய பற்று, தம் குறையைத் தாமே உணர்ந்ததால் முளைத்தது.

ஆகவே, அடையாளத்தை ஆணையிட்டு அணிவித்தல் தகாது. அவ்வாறு அணிவித்தது முதல் ஏளனத்திலேயே கழன்று விழும். எதுவும் கொடாமல், 'நீயே தேர்ந்துகொள்' என்பதும் அறமாகாது. விதைக்காத நிலத்தைக் காட்டி, விரும்பியதை அறுத்துக்கொள் என்பது உரிமையாகுமா? தேர்வதற்குரிய அறிவைத் தருதலே ஆசிரியர் கடன். தேர்தல் மாணவன் உரிமை.

அம்மாணவனை மீண்டும் கண்டால், அன்று ஏன் விலகினாய் எனக் கேளேன். ஒரு நல்ல தமிழ் நூலை அவன் கையில் கொடுப்பேன். என்றேனும் தன் பெயரை அவன் தலைநிமிர்ந்து சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். கொடுக்கும் கடன் மட்டும் எனக்கு நீங்காது.