தேர் எது? கடன் எவருடையது?



நாகசேன தேரர் மிலிந்த மன்னனிடம் தேரைப்பற்றிக் கேட்ட கேள்வியை நம் கூட்டங்களில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். பாயில் அமர்ந்து எடுத்துரைப்பது எளிது. மத்திய அந்தமானில் ரங்கத்தை அடுத்த ஒரு வீட்டு முற்றத்தில், மெய்யாகவே ஒரு வண்டி பகுதி பகுதியாகக் கழற்றிப் பரப்பப்பட்டிருந்தது. அதன் நடுவே நின்றுகொண்டு அக்கேள்விக்கு விடை சொல்லும் நிலை நேர்ந்தபோதுதான், நாம் அதனை அரைகுறையாகவே விளங்கிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது.

சென்ற மழைக்காலத்தில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அவருடைய முற்றத்துப் பலாமரத்தடியில் பதினைந்து ஆண்டுக்கு மேலாக ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றிருந்தது. ஜீப்பின் முகமும், பின்னால் திறந்த தொட்டியும் உடைய மகேந்திரா வண்டி, 1973இல் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் பிறந்த ஜீப்பை 1947 முதல் மகேந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கினர்; அவ்வழியில் வந்தது இது. அன்பரின் தந்தையார் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கி, பாக்கும் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக் கடைத்தெருவுக்கு ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தார். அவர் காலமானபின் வண்டியும் நின்றுவிட்டது. அதனை மீண்டும் ஓடச் செய்வதென்று குடும்பத்தார் முடிவு செய்தனர். பட்டறைக்கு அனுப்பக் கையில் பணமில்லை. ஆதலின் வீட்டிலேயே வேலை தொடங்கிற்று.

அத்தீவின் காற்றை அறியாதவர்க்குத் துருவின் வலிமை தெரியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மழை ஓய்ந்தால் கடற்காற்று. இரும்பின்மேல் படியும் ஈரத்தில் உப்புக் கலந்தால் துருப்பிடிக்கும் வேகம் பன்மடங்காகிறது. அடிச்சட்டத்தின் பின்பகுதியில் விரலை வைத்தால் உள்ளே போயிற்று. கதவின் கீழ்ப்பாதி இல்லை. பின்தொட்டியின் தளத்தில் புல் முளைத்திருந்தது. ரங்கத்தில் கிடைக்காத உதிரிப்பாகங்கள் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கப்பலில் வந்து, பின்னர்ப் பெருஞ்சாலையில் ஜாரவாப் பழங்குடியினரின் வனத்தை வாகன வரிசையோடு கடந்து வரவேண்டும். ஒரு கிளட்ச் தட்டுக்காக இருபத்திரண்டு நாள் காத்திருந்தோம்.

நாமோ இளமையில் நூற்பாலையில் நின்றவர். ஸ்பேனர் பிடித்த கை ஆதலின், போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்கும் வேலை நமக்கும் கிடைத்தது. அன்பரின் மனைவியார் என்ஜின் பாகங்களைக் கழுவித் துணியில் வரிசையாக வைப்பார். பதினொரு வயது மகள், எந்தப் போல்ட்டு எங்கிருந்து வந்ததென்று சீட்டெழுதி நூலில் கட்டுவாள். (இவ்வொரு வேலையை அவள் செய்திராவிடில் மற்றவர் வேலை அனைத்தும் பாழாகியிருக்கும், அவளை எவரும் பாராட்டவில்லை.) பள்ளி விட்டு வந்த மகன் உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்ப்பான். வண்டியின் நிறம் பச்சை என்று பாட்டியார் சொன்னார். நீலம் என்று அன்பர் சொன்னார். பையன் தேய்க்கத் தேய்க்க முதலில் நீலம் வந்தது, அதன்கீழ்ப் பச்சை, அதற்கும் கீழே, எவருமே சொல்லாத சாம்பல் நிறம்.

நாள் செல்லச் செல்ல, பழையதில் எஞ்சியது மிகக் குறைவென்பது தெளிவாயிற்று. அடிச்சட்டத்தின் பின்பாதியை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். பட்டை ஸ்பிரிங்குகள், சக்கரங்கள், ரேடியேட்டர், மின்கம்பிகள் யாவும் வேறு. பின்தொட்டிக்குப் பழைய வீட்டிலிருந்து பெயர்த்த படாக் பலகை. கெடாமல் இருந்தது, எண் பொறித்திருந்த ஒரு சாண் இரும்புதான். பையன் அதன்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்தான். எழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. அன்பர் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்து, “அப்பாவின் வண்டிதான்!” என்று உரக்கக் கூவினார்.

நாம் உடனே மிலிந்தனை நினைத்தோம். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கே சாகல நகரிலிருந்து ஆண்ட கிரேக்க வழி மன்னன் அவன். “தேரில் வந்தேன்” என்ற அவனிடம் தேரர் கேட்டார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, கடிவாளம் தேரா? ஒன்றும் அன்று. எல்லாவற்றையும் விட்டால் வேறொன்று தேரா? அதுவும் அன்று. உறுப்புகள் இவ்வாறு பொருந்திய இடத்துத் தேர் என்னும் வழக்கு உண்டாகிறது, அவ்வளவே. நாகசேனன் என்னும் பெயரும் அத்தகையதே. இதனை அன்றிரவு உணவின்போது குடும்பத்தார்க்கு விரித்துரைத்தோம். எண் பொறித்த இரும்பும் ஓர் உறுப்பேயன்றி வண்டியன்று என்றோம். அனைவரும் மகிழ்ந்தனர். நமக்கும் உள்ளூரச் சிறிது பெருமை.

அரசாங்கத்தின் ஏடுகளும் இதில் ஒருமனப்படவில்லை என்பதை அன்பரே எடுத்துக்காட்டினார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்த்த பகுதியின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதியலாம். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி அது மூல உருவிலே இருத்தல் வேண்டும். அக்கணக்கில் இது பழைய வண்டியே அன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமோ, அனுமதி பெற்று என்ஜினை மாற்றிப் பதிவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டால் அதே வண்டியாகவே கொள்ளுகிறது. ஒரே முற்றத்தில் நிற்கும் ஒரே வண்டி ஓர் ஏட்டில் அதுவாகவும் மற்றோர் ஏட்டில் அது அல்லாததாகவும் இருக்கிறது!

மூன்றாம் நாள் அடுத்த வீட்டு மூதாட்டியார் வந்தார். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து அந்தமானில் குடியேற்றப்பெற்ற வங்காளிக் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. வண்டியைச் சுற்றிவந்து, மூடியைத் தடவி, “உன் அப்பாவின் வண்டி மறுபடியும் ஓடப்போகிறதா, மகனே?” என்று அத்தீவின் பொதுமொழியான இந்தியில் கேட்டுவிட்டு, தேநீர் அருந்திச் சென்றார். அன்பர் முகம் வாடிற்று. இரவு மற்றவர் உறங்கியபின் நம்மிடம் சொன்னார்.

1990இல் பெட்ரோல் செலவு தாளாமல், அவர் தந்தையார் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜினைப் பொருத்தினார். அக்காலத்தில் ஜீப் வைத்திருந்தோர் பலர் செய்த காரியம் அது. அதற்குப் பணம் தந்தவர் அம்மூதாட்டியாரின் கணவர், 8,000 ரூபாய். எழுத்தில்லை, சாட்சியில்லை. பின் இரு குடும்பத்துக்கும் இடையே ஏதோ மனத்தாங்கல், பணம் திரும்பவில்லை. கொடுத்தவரும் இறந்தார், வாங்கியவரும் இறந்தார். மூதாட்டியார் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அறிவாரோ என்பதும் தெரியாது.

“ஐயா, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு மூன்று ஆண்டுக்குப்பின் வழக்கில்லை. அதை விடுங்கள். நீங்கள் உரைத்த தர்மத்தின்படியே கேட்கிறேன். வாங்கியவர் என் தந்தை, நான் வேறு. அவரும் நிலையான ஓர் ஆன்மா அல்லர், கந்தங்களின் கூட்டம். அக்கூட்டம் கலைந்தது. வண்டியும் அதே வண்டி அன்று என்று நேற்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் இந்தக் கடன் எங்கே இருக்கிறது?”

நாம் திகைத்தோம். “கொடுத்துவிடுங்கள், அதுவே சீலம்” என்றோம். அவர் தலையசைத்தார், ஆயினும் அது விடை அன்று என்பதை இருவரும் அறிவோம். கேள்விக்கு விடை தெரியாத போதகன் சீலத்தின் பின்னே ஒளிந்துகொள்வது நம்மிடமுள்ள பழைய குற்றம்.

மறுநாள் முழுதும் போல்ட்டுகளைத் தேய்த்துக்கொண்டே இதனை எண்ணினோம். மிலிந்தனுடைய நூலிலேயே இதற்கு இணையான வழக்கொன்று உண்டு. ஒருவன் பிறன் மரத்து மாங்கனியைத் திருடுகிறான். பிடிபட்டபோது, “இவன் நட்டது வேறு மாங்கனி, நான் எடுத்தது வேறு மாங்கனி, ஆதலின் நான் குற்றவாளி அல்லேன்” என்கிறான். மன்னன் ஒப்பவில்லை, முன்னைக் கனியைச் சார்ந்தன்றோ பின்னைக் கனி உண்டாயிற்று! இரவெல்லாம் எரியும் விளக்கில் முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல.

இதனைச் சொல்லி முடித்துவிடலாம் என்று முதலில் கருதினோம். ஆனால் அன்பர் நம்மினும் கூரியவர். மாங்கனித் திருடன் தன் வினைக்குத் தானே பொறுப்பாளி. அன்பரோ கடன் வாங்கியவர் அல்லர். உயிர்கள் தத்தம் வினைக்கே உரியர் என்பது ததாகதர் போதனை. தந்தையின் வினை மகன்மேல் ஏறுமாயின், பிறப்போடு வரும் பழியையும் ஒப்பவேண்டி வரும். அதனை ஒப்பலாகாது. எண் பொறித்த இரும்பைப்போல மனிதர்மேலும் பிறவியிலேயே ஓர் எண் பொறித்திருக்கிறது, பெயரையும் நெறியையும் மாற்றினாலும் அந்த எண் மாறாது என்று நம் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. இதைப் படிக்கும் அன்பர் பலரும் அச்சொல்லைக் கேட்டிருப்பீர். புல்லுக்கும் மரத்துக்கும் விலங்குக்கும் இனக்குறி உண்டு, மனிதர்க்குள் அத்தகைய பிறவிக்குறி இல்லை, செய்யும் தொழிலால்தான் உழவன் என்றும் வணிகன் என்றும் பெயர் என வாசெட்டனுக்குப் பகவான் உரைத்ததே நமக்குப் பற்றுக்கோடு. தந்தையின் கடனை மகன்மேல் பிறப்பினால் ஏற்றினால், நாம் கைவிட்ட பழைய எண்ணையே மறுபடியும் சுண்ணக்கட்டி தேய்த்துப் படித்தவராவோம்.

ஆலையில் நாம் நின்ற நூற்பு எந்திரத்துக்கு ஏழாம் நம்பர் என்று பெயர். பதினெட்டு ஆண்டில் அதன் கதிர், வளையம், பல்சக்கரம் எல்லாம் மாறின. ஆயினும் ஏழாம் நம்பரில் விரலை இழந்த தோழர் இழப்பீடு கேட்டபோது, அந்தப் பல்சக்கரம் இப்போது இங்கில்லை என்று எவரேனும் விடை சொல்லியிருந்தால் நாம் விட்டிருப்போமா? எந்திரத்தால் இலாபம் பெறுகிறவன் அங்கே இருக்கிறான், அவனைத்தான் கேட்டோம்.

இவ்வழியில் சென்றபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. மாலையில் அன்பரிடம் சொன்னோம்: “தந்தையார் திருப்பிக் கொடாதது அவர் வினை, அது உங்களுடையது அன்று. அதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டுவதில்லை. ஆனால் அந்த 8,000 ரூபாயால் வண்டி ஓடிற்று. ஓடியதால் நீங்கள் பள்ளி சென்றீர்கள். பின்னைக் கனி உங்கள் கையில் இருக்கிறது. நேற்றுவரை அதனை மறந்திருந்தீர்கள் என்றால் அது வேறு. இன்று அறிந்திருக்கிறீர்கள். அறிந்தபின் வைத்துக்கொள்வது உங்கள் எண்ணம், உங்கள் செயல். அதுதான் உங்கள் வினை. கடன் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே. பழைய என்ஜினில் இல்லை, தந்தையாரிடமும் இல்லை.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அநாத்மம் என்பதை நான் வசதிக்காகப் பிடித்துக்கொண்டேன், ஐயா” என்றார். நாமும் ஒன்றை ஒப்புக்கொண்டோம்: உணவின்போது அதனை விரித்துரைத்த நாமும் வெறும் புலமைக்காகவே பிடித்திருந்தோம்.

எவ்வளவு கொடுப்பது என்பதில் குடும்பத்துக்குள் இரண்டு நாள் பேச்சு நடந்தது. 8,000 என்பதே கணக்கு என்றார் மனைவியார். வீட்டில் வேறு செலவுகள் உண்டல்லவா, அவர் சொன்னதிலும் தவறில்லை. அன்று தந்தது ரூபாய் அன்று, ஓர் என்ஜின் என்றார் பாட்டியார். முடிவில், அவ்வகைப் பழைய என்ஜின் ஒன்றுக்கு இன்று என்ன விலை என்று விசாரித்து, அதில் அன்று கடனாக வந்த பங்கைக் கணக்கிட்டு, நான்கு தவணையாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. பெயிண்டு வாங்க வைத்திருந்த பணம் முதல் தவணைக்குப் போயிற்று. ஆகையால் வண்டி இன்றும் செந்நிறத் துருத்தடுப்புப் பூச்சோடேதான் நிற்கிறது.

பணத்தைக் கொண்டுசென்றபோது நாமும் உடனிருந்தோம். மூதாட்டியார் வியப்படையவுமில்லை, மறுக்கவுமில்லை. மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு தாள்களை இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்தார். மற்ற மூன்று தவணை எந்தெந்த மாதம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, தம் வீட்டில் பாக்கு காய்ந்து கிடக்கிறதென்றும், வண்டி என்றைக்குக் கடைத்தெருவுக்குப் போகுமென்றும், ஒரு நடைக்கு எவ்வளவு வாங்குவீர்களென்றும் கேட்டார்.