கூண்டும் ஜீவகாருண்யமும்

ஆன்மாவைப் பாசத்தால் கட்டுண்ட பசுவென்று வர்ணிக்கும் சைவ சித்தாந்தம் தழைத்த, நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் மறுத்தலை வற்புறுத்திய இந்த யாழ்ப்பாணத்திலே, சிரியாவின் அலெப்போ அருகே 1930இல் தோண்டியெடுக்கப்பட்ட ஒரே குடும்பத்திலிருந்து பெரும்பாலும் பெருகிய ஹாம்ஸ்டரைக் கூண்டில் வளர்ப்பது ஜீவகாருண்யமாகுமா என்ற சந்தேகம் நியாயமானதே. கட்டியவனே கட்டுண்டதன் சுகதுக்கங்களுக்கு உத்தரவாதி என்பது என் துணிபு. ஆதலால், தனித்து வாழும் அதன் சுபாவத்தை மதித்து ஒன்றை மட்டுமே வைத்து, வளை தோண்டுவதற்கு ஒரு சாண் ஆழம் மரச்சீவல் பரப்பி, பாதத்தைப் புண்ணாக்கும் கம்பித் தளத்தை விலக்கி, சித்திரை வெக்கை தாக்காத அறையில் கூண்டை அமைத்தல் கடன். எல்லாவற்றையும் கழுவித் தள்ளும் நம்மவர் ஆசாரம் இங்கே பொருந்தாது. தன் வாசனை முற்றும் அற்ற கூட்டில் அப்பிராணி கலங்குமாதலால், நனைந்த மூலையை மட்டும் நாள்தோறும் அகற்றினாற் போதும். இரவில் நடமாடும் அச்சீவனைப் பகலுறக்கத்திலிருந்து எழுப்பி, விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவோரை நாவலர் சும்மா விட்டிருப்பாரோ!