சுண்ணாம்பு தடவாத கலயம்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், கோட்டை மலை முதுகுக்குப் பின்னால் சிறுத்துவிட்ட இடத்தில் ஒரு பனந்தோப்பு இருக்கிறது. அங்கே மரமேறும் பெரியவர் அப்பாவுக்குப் பழக்கம். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். போன பங்குனியில் ஒரு காலை, பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, காலிக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

“தடவினா பதனி. தடவலன்னா கள்ளு. நான் இன்னா கலக்கறேன் தம்பி? ஒண்ணியும் கலக்கறதில்ல. அது தானா பொங்கிக்குது. தானா ஆவறதுக்கு எம்மேல கேசு போடுவாங்களாம்.”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வாதம் எனக்கு ரொம்பப் பழக்கமானது என்று உறைத்தது.

அமெரிக்காவில் போர்ட்லண்டில் இருந்த பதினோரு வருடமும் வீட்டில் பீர் காய்ச்சினேன். அங்கே அது குற்றமில்லை. 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள ஒரு வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இந்தியா பேல் ஏல். பெயரில் நம் நாடு இருப்பதில் ஒரு அசட்டுப் பெருமையும் உண்டு. லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் மதுவாலையிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கே வந்த பீரின் வாரிசு அது. ஹாட்ஜ்சன்தான் அதைக் கண்டுபிடித்தார் என்பது மிகை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப் பூவைக் கூடுதலாகப் போட வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஹாப்பின் கசப்பு, பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்கும். மாமாவின் சுண்ணாம்பு ஈஸ்ட்டையே வேலை செய்யவிடாது. ஹாப் ஈஸ்ட்டை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தடுக்கும். இரண்டுமே காவல்தான்.

நல்ல ஐபிஏவுக்கு உயிர் சமநிலை. 19 லிட்டருக்கு ஐந்து கிலோ மால்ட். கொஞ்சம் கேரமல் மால்ட் சேர்த்தால் கசப்புக்கு முதுகெலும்பாக ஒரு இனிப்பு நிற்கும். கொதியின் தொடக்கத்தில் போடும் ஹாப் கசப்பைத் தரும், கடைசியில் போடுவது மணத்தை. நொதித்து முடிந்தபின் கேஸ்கேட் ஹாப்பை மூன்று நாள் ஊறவிட்டால் சாத்துக்குடித் தோலை நகத்தால் கீறிய வாசனை வரும். 60 அலகு கசப்பு, ஆறரை சதவீதம் ஆல்கஹால். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாராவது பாராட்டினால் அடக்கமாக ஒன்று சொல்வேன்: “பீர் செய்யறது நான் இல்லீங்க, ஈஸ்ட்டு. நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன்.”

மாமா சொன்னதும் அதேதான்.

இதை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். அங்கே எனக்கு ஒரு நண்பன், நம் பக்கத்துக்காரன். குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை நான் புட்டியில் அடைத்துக்கொண்டிருந்தபோது வந்தான். நான் அவனுக்கு ஊற்றித் தரவில்லை. வாசனையைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசினேன். ருசி பார்க்க ஊற்றிய கிளாஸ் மேசைமேல் இருந்தது. ஃபோன் வந்தது, உள்ளே போனேன். அந்த கிளாஸைக் கையோடு எடுத்துப்போகலாம் என்று ஒரு கணம் தோன்றியதும் நினைவிருக்கிறது. எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கிளாஸ் காலி. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி ஃபோனில் கேட்டாள்: “அண்ணா, நீங்க குடுத்தீங்களா?”

“இல்லம்மா, நான் குடுக்கல.”

அடுத்த வருடம் அந்தக் குடும்பம் இரண்டாயிற்று. அது என் கிளாஸால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒருவகை அகங்காரம். ஆனால் ‘நான் குடுக்கல’ என்ற அந்த உண்மை எனக்குச் செரிக்கவே இல்லை.

செய்யாமல் விட்டதற்கு ஒருவன் பொறுப்பா? எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றால் யாராலும் வாழ முடியாது. இந்த நிமிடம் நான் தடுக்காத தீமைகளுக்குக் கணக்கே இல்லை. எதற்கும் பொறுப்பில்லை என்றாலோ, கலயத்தைக் கட்டிவிட்டு மரத்தைக் கைகாட்டலாம். எனக்குத் தோன்றுவது இது: என்ன ஆகும் என்று தெரிந்திருந்தால், தடுப்பது கையெட்டும் தூரத்தில் இருந்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு விரல் சுண்ணாம்பு அளவே என்றால், சும்மா இருப்பதும் செயல்தான். அந்த கிளாஸ் விஷயத்தில் மூன்றுமே எனக்குப் பொருந்தும்.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் முழுக்கக் குடிப்பவனைப் பற்றியது. ஊற்றுபவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. புத்தர், இல்லறத்தான் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் மது வணிகத்தையும் சேர்த்தார். நான் விற்கவில்லையே என்று அங்கும் தப்பித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் மாமாவிடம் கேட்டேன், “தானா ஆவுதுன்னா, குடிச்சவன் கெட்டுப்போனா அதுவும் தானா ஆனதா மாமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்கப்பா காலத்துல கள்ளு இருந்துச்சி. ரெண்டு சொம்பு தாண்டினா, வூட்டுக்குப் போடான்னுடுவாரு. எவன் வூட்ல எத்தினி புள்ளிங்க, எவன் அன்னிக்குக் கூலி வாங்கினான், எல்லாம் அவுருக்குத் தெரியும். கேக்கலன்னா சொம்பப் புடுங்கிக்குவாரு.”

எல்லா மரமேறிகளும் அப்படி இருந்திருக்க மாட்டார்கள். 1987 ஜனவரி 1 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசே சில்லறையில் பீரும் பிராந்தியும் விற்கிறது; கம்பிக்குப் பின்னால் இருப்பவருக்கு வாங்குபவனின் கை மட்டும்தான் தெரியும், வீடு தெரியாது. 2023இல் எங்கள் மாவட்டத்து மரக்காணத்திலும், 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மக்களைக் கொன்றது நொதித்த கள் அல்ல, மெத்தனால். அதை விற்றவனுக்கும் குடித்தவனின் வீடு தெரிந்திருக்கலாம். ஆக, முகம் தெரிந்தால் மட்டும் போதாது. தெரிந்த முகத்துக்காகச் சொம்பைப் பிடுங்கும் கை வேண்டும். அது சட்டத்தால் வருமா என்று எனக்குச் சந்தேகம். கள்ளுக்கடையைத் திறந்தால் தானாக வரும் என்றும் நம்பவில்லை.

நோட்டில் கசப்பை 60 அலகு என்று துல்லியமாக எழுதிய எனக்கு, எதிரே நின்றவனின் எட்டு மாதத்தை எழுத இடம் இருக்கவில்லை. சமநிலை என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் கிளாஸுக்குள்ளேயே முடிந்துபோனது.

இப்போது காய்ச்சுவதில்லை, இங்கே அனுமதியும் இல்லை. நண்பனும் ஊரோடு வந்துவிட்டதாகக் கேள்வி. அவன் மனைவியின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று அவளிடம் சொன்னதில் பாதி பாக்கி: நான் குடுக்கலம்மா, ஆனா எடுத்து வெக்கவும் இல்ல. இதை ஃபோனில் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுதி முடித்துவிட்டேன், இன்னும் சொல்லவில்லை.