பிள்ளையின் நிறமும் பெற்றவளின் மானமும்

பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டியது, தாயும் பிள்ளையும் சுகமா என்பதே. ஆனால் பல வீடுகளில், "என்ன நிறம்? யாருடைய சாயல்?" என்ற விசாரணையே முந்திக் கொள்கிறது. வாப்பாவும் உம்மாவும் வெளுப்பாயிருக்க, பிள்ளை கறுப்பாய்ப் பிறந்துவிட்டாலோ குசுகுசுப்பு தொடங்கிவிடும். பேறுகால வேதனை தீராத பெண்ணின் காதில் அது காய்ச்சிய ஈயமாய் விழுகிறது.

இந்த நோய் இன்று தோன்றியதல்ல. ஃபஸாரா கோத்திரத்துக் கிராமவாசி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பான ஆண் பிள்ளையைப் பெற்றிருப்பதாக முறையிட்டார். அவர் உள்ளத்துச் சந்தேகத்தை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை விசாரித்தார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க, வம்சத்து வேர் ஏதேனும் இழுத்திருக்கலாம் என்றார். அவருடைய மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது.

வேர் எப்படி இழுக்கிறது? ஆஸ்திரியப் பேரரசின் புருன் நகரில் மெண்டல் என்ற கிறிஸ்தவத் துறவி பட்டாணிச் செடிகளில் இதை ஆராய்ந்து 1866-ல் வெளியிட்டார். ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் ஊதாவே பூத்தது. வெள்ளை அழிந்ததா? இல்லை. அடுத்த தலைமுறையில் 705 செடிகள் ஊதாவாகவும் 224 செடிகள் வெள்ளையாகவும் பூத்தன. பெற்ற செடிகளில் வெளித் தெரியாமல் ஒடுங்கியிருந்த பண்பு, பேரச் செடிகளில் தலைகாட்டியது!

மனிதனிலும் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்று குரோமோசோம்கள் பிள்ளைக்குச் சேர்கின்றன. மரபணுக்கள் இவற்றில்தான் உள்ளன. தோலின் நிறத்தையோ ஒரே மரபணு முடிவு செய்வதில்லை. பல சேர்ந்து செய்கின்றன. ஆகவே பெற்றோர் இருவரையும்விடக் கறுத்த பிள்ளையும் பிறக்கலாம், வெளுத்த பிள்ளையும் பிறக்கலாம். பாட்டனாரின் நிறம் பேரனிடம் வருவதில் வியப்பென்ன?

நாயகம் (ஸல்) அவர்கள் அன்று உயிரியல் பாடம் நடத்தவில்லை. ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தார்கள். அதுவே நமக்குப் படிப்பினை. பத்தினிப் பெண் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு 80 கசையடி என்று சூரத்துந் நூர் விதிக்கிறது. சாட்சிகளே இல்லாமல், பிள்ளையின் நிறத்தை மட்டும் வைத்துத் திண்ணையில் பேசுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டாமா?

பெண் பிள்ளை பெற்றவளைப் பழிப்பதும் இதே அறியாமைதான். தாய் கொடுப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டுமே. தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். அதுவும் அவர் தேர்ந்தெடுத்துத் தருவதல்ல. நாடியவர்க்குப் பெண் மக்களையும் நாடியவர்க்கு ஆண் மக்களையும் அளிப்பவன் அல்லாஹ்வே.

ஆகவே மாமிமார்களே, மதினிமார்களே! தொட்டிலை எட்டிப் பார்க்கும்போது நிறத்தைத் தேடாதீர்கள். பிள்ளைக்கு பரக்கத்தைக் கேளுங்கள். கணவன்மார்களே! ஊர் வாய்க்கு முன், உங்களை நம்பி வந்தவளுக்கு நீங்களே அரணாக நில்லுங்கள். வல்ல நாயன் நம் நாவுகளைப் பழிச்சொல்லிலிருந்து காப்பானாக! ஆமீன்.