வாசலில் கொடுத்த சம்மதம்

"அவர்கள் சொந்த விருப்பத்தில்தானே போனார்கள்?" மதக்குழுக்களில் சிக்கிச் சீரழிந்தவர்களைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். கேள்வி போலத் தோன்றினாலும் இது ஒரு தீர்ப்பு.

1994 ஒக்ரோபர் தொடக்கத்தில் மொன்றியலுக்கு வடக்கே மொறின் ஹைற்ஸ் என்ற ஊரில், எரிந்த வீடொன்றில் ஐந்து சடலங்கள் கிடந்தன. ஒன்று மூன்று மாதக் குழந்தையினுடையது. அதே நாட்களில் சுவிற்சர்லாந்தின் இரண்டு கிராமங்களில் 48 பேர் இறந்துகிடந்தனர். எல்லாம் 'சூரியக் கோவில்' என்ற இரகசியக் குழு சம்பந்தப்பட்ட மரணங்கள். 1997இல் அந்தத் தொகை 74 ஆயிற்று. சிலர் தாமாக இறந்தனர், பலர் கொல்லப்பட்டனர். இறந்தவர்களுள் கியூபெக்கின் ஒரு நகரபிதாவும் ஒரு பத்திரிகையாளரும் இருந்தனர். படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

அப்படியென்றால் மூளைச்சலவையா? இந்தச் சொல்லுக்கும் மொன்றியலில் ஒரு வரலாறு உண்டு. 1950களின் பிற்பகுதியில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் மெமோரியல் நிலையத்தில் யூவன் கமரன் என்ற மனநோய் மருத்துவர், நோயாளிகளை மருந்தால் நீண்ட நாட்கள் தூங்கவைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரே வாசகத்தை ஒலிநாடாவில் திரும்பத்திரும்பக் கேட்கவைத்தார். அமெரிக்க உளவுத்துறையும் அதற்குப் பணம் கொடுத்தது. நோயாளிகள் நினைவை இழந்தார்கள். புதிய மனிதர் எவரும் அங்கிருந்து எழுந்து வரவில்லை.

பலாத்காரத்தால் முடியாததை அன்பு செய்துவிடுகிறது. புதிய ஊரில் தனித்திருப்பவனுக்கு ஒருவர் சாப்பாடு கொடுக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூட்டத்துக்கு வரச் சம்மதிக்கிறான். பிறகு கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம், பழைய நண்பர்கள், கடைசியில் தன் சந்தேகம். சீனச் சிறைகளில் 'சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு' உட்பட்டவர்களை ஆராய்ந்த றொபேட் லிஃப்டன், 1961இல் வெளிவந்த தன் நூலில் இதற்கு ஒரு அடையாளம் சொல்கிறார்: அனுபவமும் கோட்பாடும் முரண்பட்டால் பிழை அனுபவத்தினுடையதாகிவிடும். ஒவ்வொரு படியிலும் சம்மதம் இருந்தது. ஆனால் கடைசிப் படியை முதல் நாளில் யாரும் அவனுக்குக் காட்டவில்லை. வாசலில் கொடுத்த சம்மதத்தை நிலவறைக்கும் கொடுத்த சம்மதமாக எப்படிக் கொள்வது?

வாசலைக்கூடத் தேர்ந்தெடுக்காதவர்களும் உண்டு. மாத்தளையிலிருந்து தமிழ்நாடு சென்ற பிரேமானந்தாவின் ஆச்சிரமத்தில் இலங்கையிலிருந்து கொண்டுபோகப்பட்ட அநாதைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம், 13 பெண்கள் மீதான வல்லுறவுக்காகவும் ஒரு கொலைக்காகவும் அவருக்கு ஆயுள்தண்டனை விதித்தது. யுத்தம் வீட்டைப் பறித்த பிள்ளைக்கு ஆச்சிரமமே வீடு. வீட்டைவிட்டு ஓடிப் புகார் சொல்வது இலேசான காரியமா?

வெளியே நிற்பவர்கள் என்ன செய்யலாம்? மூன் குழுவில் சேர்ந்த நண்பனை மீட்க 1977இல் மொன்றியல் இளைஞர்கள் சிலர் சான்பிரான்சிஸ்கோ போனார்கள்; அவனைக் கடத்தித்தான் மீட்டார்கள். அவர்களுள் ஒருவரான மைக் குரோப்வெல்ட் 1980இல் மொன்றியலில் தொடங்கிய நிலையமோ கடத்தலை நாடவில்லை. தகவல் கொடுக்கிறது, குடும்பங்களோடு கதைக்கிறது. ஒருவனுடைய விருப்பத்தை மீட்பதற்காக அவன் விருப்பத்தை மீறலாமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான்: கதவைத் திறந்துவை, உறவை முறிக்காதே.

கேள்வி கேட்பவனைத் துரோகி என்று அழைப்பது மதக்குழுக்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. நாங்கள் அதை வேறிடங்களிலும் கண்டவர்கள். ஆகவே எந்தக் கூட்டத்தையும் அளக்க எங்களுக்கு ஒரு கோல் போதும்: உள்ளே போவது எவ்வளவு சுலபம் என்று பார்க்காதீர்கள், மறுத்துப் பேசியவன் மறுநாளும் அங்கே உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

1997 மார்ச்சில் கியூபெக்கின் சென் கசிமீரில் சூரியக் கோவிலைச் சேர்ந்த ஐவர் இறந்தார்கள். அந்த வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் மூவரும் இருந்தனர். முதல் முயற்சி பிசகிவிட, அந்த இடைவெளியில் தாங்கள் சாக விரும்பவில்லை என்று அவர்கள் பெற்றோரிடம் சொன்னார்கள். பெற்றோர் கேட்டார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள்.