நன்கொடையும் நாவுரிமையும்

பெருநகரங்களின் ஏழைப் பேட்டைகளில் வாலிபர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கின்றனர். குப்பையை அகற்றுக, இடிந்த வீட்டைச் செப்பனிடுக, வேலை தருக என்று குடியிருப்போரைத் திரட்டிக் கேட்கின்றனர். இத்தகைய முயற்சிகளுக்குச் சர்க்காரும் தரும நிதிகளும் மானியம் வழங்குவதுண்டு. இங்கே ஓர் அறக்கேள்வி எழுகின்றது. எவரை நோக்கிக் குறை கூற வேண்டியுள்ளதோ, அவரிடமே பொருள் பெறுதல் முறையாகுமா? பெற்றபின் அவரை எதிர்த்துப் பேசுவது நன்றி கொன்ற செயலாகாதா?

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாகாது என்பது நம் மக்கள் நாவில் ஊறிய சொல். செஞ்சோற்றுக் கடனுக்காகவே கன்னன், நியாயம் எப்பக்கம் என்று அறிந்தும் மறுபக்கம் நின்று மாண்டான் எனப் பாரதக்கதை கூறும். ஆயினும், அந்தச் சோறு யாருடையது என்று ஆராயாமல் கடனைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. அமெரிக்க நகரங்களில் நடந்தவை சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1962 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் 'மொபிலைசேஷன் ஃபார் யூத்' என்னும் ஸ்தாபனம் தொடங்கிற்று. வாலிபர் வழிதவறுவது பிறவிக் குணத்தாலன்று, முன்னேறும் வழிகள் அடைபட்டிருப்பதாலேயே என்பது அதன் கொள்கை. மத்திய சர்க்காரும் நகராட்சியும் ஃபோர்டு நிதியும் சேர்ந்து மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் டாலர் உதவின. வேலைப் பயிற்சி தந்ததைப் பலரும் போற்றினர். ஆனால் பாழடைந்த வீடுகளுக்கு வாடகை தர மறுத்த குடியிருப்போருக்கு அது துணைநின்ற பின்னர், 1964 ஆகஸ்டில், கம்யூனிஸ்டுகள் உள்ளே புகுந்துவிட்டனர் என்று பத்திரிகைக் கூச்சல் கிளம்பிற்று. விசாரணைகள் நடந்தன, மக்களைத் திரட்டும் வேலை ஒடுங்கிற்று.

அப்படியாயின், மானியமே வேண்டாமென்று ஒதுக்கிவிடலாமா? அந்நகரிலேயே கிழக்கு ஹார்லெமில் 1969 இல் போர்ட்டோ ரிக்க வாலிபர்களின் 'யங் லார்ட்ஸ்' சங்கம் மானியமின்றியே எழுந்தது. துடைப்பம் கேட்டபோது நகர அதிகாரிகள் கொடுக்கவில்லை. வாலிபர்கள் தாமே தெருவைக் கூட்டி, அள்ளாது கிடந்த குப்பையைப் பெருஞ்சாலையின் நடுவே குவித்தனர். வீடுவீடாகச் சென்று குழந்தைகளின் உடலில் ஈயநஞ்சு ஏறியுள்ளதா என்று சோதித்தனர். அவர்கள் வாயை மூடவல்ல நன்கொடையாளர் எவருமில்லை. ஆயினும், துடைப்பத்தால் தெருவைக் கூட்டலாம்; வைத்தியசாலை நடத்த இயலாது. ஏழைகளிடம் திரட்டும் சில்லறைக்கு ஓர் எல்லையுண்டு.

பணம் வந்தவிடத்தும் வேறோர் இடர் நேர்ந்தது. சிக்காகோவின் உட்லான் பேட்டையில், வேலையற்ற வாலிபரைப் பழக்கும் திட்டத்துக்கு 1967 இல் மத்திய சர்க்கார் ஏறத்தாழ 9 இலட்சத்து 27 ஆயிரம் டாலர் அளித்தது. தெருக்கூட்டத்து வாலிபர்களே அதில் பொறுப்பேற்றனர். தன் கைவழியே செல்லாத அப்பணத்தை நகர ஆட்சி விரும்பவில்லை. 1968 இல் செனட் சபை விசாரித்தது, திட்டம் நின்றது. 1972 இல் பணத்தை முறைகேடாகக் கையாண்டதாக வாலிபர் தலைவர் சிலர் தண்டிக்கப்பட்டனர். ஆள்வோரின் பகை ஒருபுறமிருக்க, கணக்கிலிருந்த ஓட்டை பகைவருக்கு வாயிலைத் திறந்துவிட்டது.

இனி, சோறு யாருடையது? சர்க்கார்ப் பொக்கிஷம் அதிகாரியின் பாட்டன் தேடிய சொத்தன்று. உழைப்பவனும் சாமான் வாங்குபவனும் செலுத்திய வரியே அது. ஃபோர்டு நிதியின் செல்வமோ மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தோரின் வியர்வையிலும் விளைந்தது. ஆகவே செஞ்சோற்றுக் கடன் உண்டு, மறுக்கவில்லை. அக்கடன் பரிமாறிய அகப்பைக்கு உரியதன்று, விளைவித்தவனுக்கு உரியது. பேட்டை மக்களின் குறையை அஞ்சாமல் எடுத்துரைப்பதே அதனைத் தீர்க்கும் வழி. வாய் திறவாதிருப்பதே இங்கு இரண்டகம்.

இதனால் இருதரத்தாருக்கும் கடமைகள் பிறக்கின்றன. கொடுப்பவர் கணக்குக் கேட்கலாம். கருத்தை அடகு கேட்கலாகாது. பேசாதிருத்தலை விலையாகக் கேட்டுக் கொடுப்பது கொடையன்று, கொள்முதல். பெறுபவரோ கொடுத்தவருக்கு மட்டுமன்றி, தெருவார் கூடிய கூட்டத்திலும் வரவு செலவை வாசித்துக் காட்டவேண்டும். குடியிருப்போரிடம் மாதந்தோறும் சிறு சந்தாவேனும் பெறவேண்டும். பத்துக் காசு கொடுத்தவன் கேள்வி கேட்கும் உரிமையையும் அத்துடன் பெறுகின்றான். ஒரே உலையை நம்பிய சங்கம், அவ்வுலை அணைந்த அன்றே பட்டினி கிடக்கும்.

மானியம் பெறும் ஒரு சங்கத்தை மதிப்பிட விரும்புவோர் அதன் ஆண்டறிக்கையில் சொல்லியவற்றை மட்டும் படித்தல் போதாது. மானியம் நின்றுவிடுமென்று அஞ்சி எந்தக் குறையைச் சொல்லாமல் விட்டது என்று அப்பேட்டையில் குடியிருப்போரைக் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லும் மறுமொழியே அச்சங்கம் விலைபோயிற்றா, இல்லையா என்பதைக் காட்டும்.