இந்தச் சிவராத்திரிக்கு நாயை அவிழ்க்காதீர்கள்

சிவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால்தான் இப்போதே சொல்கிறேன். வலையைச் சுருட்டி, நாயை வண்டியில் ஏற்றி, ஆட்கள் கிளம்பிய பிறகு சொல்லிப் பயன் இல்லை.

மாசி மகா சிவராத்திரியை ஒட்டியும், பங்குனி, சித்திரையில் சாமி கும்பிட்ட கையோடும் கூட்டமாகக் காட்டுக்குப் போவது நம் பக்கத்தில் புதிதல்ல. மணப்பாறை, துவரங்குறிச்சி, நத்தம், சிங்கம்புணரி என்று இந்த வட்டாரம் முழுக்க இதைக் கேள்விப்படாத ஊர் குறைவு. பாரி வேட்டை என்பார்கள், முயல் வேட்டை என்பார்கள். வையம்பட்டியைச் சுற்றியுள்ள கரடுகளும், பொன்னணியாறு அணைப் பக்கத்து மலையடிவாரமும், அறுப்பு முடிந்த கடலைக் காடுகளும் அந்த நாட்களில் நடுங்குகின்றன. ஒருகாலத்தில் கம்பும் வலையும் எடுத்துக்கொண்டு நடந்து போனார்கள். இப்போது பைக், நெற்றியில் ஹெட்லைட், கையில் செல்போன். யார் நாய் முதலில் கவ்வியது, எந்த ஊர் எத்தனை முயல் அடித்தது என்பதுதான் பேச்சு. அடித்ததைக் கம்பில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். சாமி பெயரைச் சொல்லி நடத்தினாலும் இது கொலைப் போட்டிதான். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அந்த முயலைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். நம் காட்டு முயல் வளை தோண்டாது. ஒரு புல் தூரின் ஓரத்திலோ வரப்பு மறைவிலோ தன் உடம்பு அளவுக்கு மண்ணை அழுத்திக்கொண்டு, காதை முதுகோடு படிய வைத்து, பகலெல்லாம் படுத்திருக்கும். பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு. மனிதக் காலடி ஏறக்குறைய மேலே வந்து விழும்வரை அசையாது. அசையாமல் கிடப்பதும், அது முடியாதபோது ஓடுவதும் தவிர அதற்கு வேறு தற்காப்பே கிடையாது. ராத்திரியில் கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்தால் திகைத்து நின்றுவிடும். அப்படி நிற்கும் ஒன்றை அடிப்பதற்கு வீரம் தேவையில்லை, பேட்டரி இருந்தால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஆண்டு முழுக்கக் குட்டி போடும் பிராணி. குட்டி பிறக்கும்போதே உடம்பில் ரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும். தாய் அதைப் புதருக்குள் விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடும், பால் கொடுக்க மட்டும் வரும். நாய் கவ்வி வந்த முயலின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மடியில் பால் இருந்தால், அன்று இரவு எங்கோ ஒரு புதரடியில் குட்டிகள் காத்துக் கிடக்கின்றன என்று அர்த்தம்.

"பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறது" என்பது முதலில் வரும் பதில். பாட்டனை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டன் காலத்துக் காடு இப்போது எங்கே? அன்றைக்கு இருந்த மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, உடை மரங்கள், தரிசுப் புதர்கள் எல்லாம் பிளாட்டாகவும் கல்குவாரியாகவும் நாலுவழிச் சாலையாகவும் மாறிவிட்டன. பதுங்க இடம் இருந்த காலத்தில் நாலு முயல் போனதும், ஒதுங்க ஒரு புதர் தேட வேண்டிய காலத்தில் நாலு முயல் போவதும் ஒரே கணக்கு ஆகாது.

சாமிக்குச் செய்யும் முறை என்று சொன்னால், முறையையே பார்ப்போம். ஸ்ரீரங்கத்தில் கனுவன்று நம்பெருமாளுக்குப் பாரிவேட்டை உண்டு. மணப்பாறை வேப்பிலை மாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் வேடபரி உண்டு. விஜயதசமியன்று எத்தனையோ கோயில்களில் சாமி புறப்பட்டு வந்து வாழையிலோ வன்னியிலோ அம்பு போடுகிறார். மேளம் உண்டு, வாணவேடிக்கை உண்டு, கூட்டம் உண்டு. ஓர் உயிரும் போவதில்லை. யாரும் அதைக் குறைந்த வேட்டை என்று சொன்னதில்லை. சாமியே இப்படி வேட்டைக்குப் போகும்போது, அதே சாமி பெயரில் ரத்தம் சிந்துவதற்கு எந்தப் பூசாரி பதில் சொல்வார்? ஊர்ப் பெரியவர்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் ஒரு வார்த்தை சொன்னால் பாரி வேட்டையைச் சாமி புறப்பாடாக மாற்றிவிடலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், விரட்டுவதும், விஷம் வைப்பதும், இவற்றுக்கு முயல்வதும் வேட்டைதான். ஆகவே "நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை, சும்மா நாயை ஓடவிட்டோம்" என்பது செல்லாது. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும், சிறை 3 ஆண்டு வரை. நம் காட்டில் திரியும் மயில், உடும்பு, அழுங்கு, தேவாங்கு ஆகியவை முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரையிலான சிறை. குற்றம் நிரூபணமானால் வேட்டைக்குக் கொண்டுபோன வண்டியும் அரசுக்குப் போய்விடும். தவணையில் வாங்கிய பைக்கில் கிளம்பும் தம்பிகள் இதை வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

தேவாங்கைச் சொன்னேன். நமக்கு மேற்கே தெரிகிற கடவூர் மலையைச் சேர்த்து, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்காக இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. தேசமே திரும்பிப் பார்க்கிற ஒரு பிராணி நம் வேலி மரத்தில் குடியிருக்கிறது. எடை ஏறக்குறைய கால் கிலோதான். வால் கிடையாது. முகத்தில் பாதி கண். இரவில் கிளை விட்டுக் கிளை நிதானமாக அடியெடுத்து வைத்துப் போய்ப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிக்கு மருந்து வாங்கக் கடன் படுகிற விவசாயிக்குச் சம்பளம் கேட்காத வேலையாள். இதைக் கண்டால் ஆகாது என்றும், மாந்திரீகத்துக்கு ஆகும் என்றும் சொல்லி அடித்தவர்கள் உண்டு. சரணாலயத்துக்கு எல்லைக்கல் உண்டு, தேவாங்குக்கு அது தெரியாது. கல்லைத் தாண்டி நம் மாவட்டத்துப் பக்கம் வந்தால் அதைக் காப்பாற்றப் போவது நாம்தான். முயலைத் தேடி மரத்துக்கு மரம் ஹெட்லைட் அடித்துக்கொண்டு நாயோடு போகிற கூட்டத்தின் கண்ணில் முதலில் மின்னப்போவதும் அதன் கண்தான்.

பயிர்ச்சேதம் உண்மைதான். மயிலும் பன்றியும் ஒரே இரவில் என்ன செய்யும் என்பது கடலை போட்டவருக்குத் தெரியும், அந்த வேதனையை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடுவதற்கு 2025 ஜனவரியில் அரசே ஆணை போட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஊரே திரண்டு போகலாம், நானும் கூட வருகிறேன். ஆனால் சிவராத்திரி வேட்டையில் செத்த முயல் யாருடைய கடலையைத் தின்றது? அது நியாயம் கேட்பவனின் கோபம் இல்லை, விளையாடுகிறவனின் வெறி.

வயிற்றுக்கு இல்லாமல் கண்ணி வைப்பவரையும் பெருமைக்காக நாய் வளர்த்து அவிழ்த்துவிடுபவரையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. முதலாமவருக்கு வேறு பிழைப்பு கிடைக்க ஊரும் அரசும் வழி செய்ய வேண்டும். இரண்டாமவர் வீட்டில் சோறு இருக்கிறது, வேலை இருக்கிறது. வழக்கு என்று வந்தால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் முதலாமவர். இந்த அநியாயத்தையும் சேர்த்துத்தான் ஊர் பேச வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், நம் மாவட்டமே போதும். 2021 ஜூனில் ஜீயபுரம் பகுதியில் இறைச்சிக்குள் நாட்டு வெடியை வைத்து ஒரு நரியைக் கொன்றதாக 12 பேர் கைதானார்கள். கடித்த நரியின் வாய் சிதறிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் தொட்டியம் அருகே அலகரையில், மீனுக்கு வைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்து 6 வயதுப் பையன் கடித்தான். அவன் பிழைக்கவில்லை. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இதே சாதிதான். காட்டில் வைத்த வெடி காட்டோடு நிற்காது. மேயப் போன மாடு கடிக்கும், வெளிக்குப் போன பிள்ளை எடுக்கும்.

மேற்கு வங்கத்திலும் இப்படி வேட்டைத் திருவிழாக்கள் உண்டு. 2018 ஏப்ரலில் லால்கர் காட்டுக்குள் வழி தவறி வந்திருந்த ஒரு புலி அங்கே வேட்டைக் காலத்தில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தது. அந்த மாநிலத்தில் உயிர்நேய அமைப்புகள் விடாமல் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. வேட்டைக்குப் போகும் கூட்டத்தைத் தடுக்கும்படி நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. நம் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில், பொங்கல் முடிந்ததும் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று வங்காநரியை வலை வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி ஊருக்குள் ஓடவிட்டார்கள். வனத்துறை ஆண்டுதோறும் எச்சரித்தும் அபராதம் போட்டும் வருகிறது. கடல் தாண்டி அமெரிக்காவில் கயோட்டி என்னும் ஓநாய் இனத்தை அதிகம் சுட்டவருக்குப் பரிசு என்று போட்டி நடத்தினார்கள். அங்கே உள்ளூர் மக்கள் எழுந்து கேட்டுக் கேட்டு, கலிபோர்னியாவில் 2014இல் பரிசு வைப்பதைத் தடுத்தார்கள். 2023இல் நியூயார்க் மாநிலமும் சட்டம் போட்டது.

எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை தருவது நாகாலாந்துப் பங்டி கிராமம். சைபீரியா பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற அமூர் வல்லூறுகள் வழியில் தோயாங் நீர்த்தேக்கத்தில் தங்கும். 2012இல் அங்கே மீன் வலையை மரத்துக்கு மரம் கட்டி, ஒரே பருவத்தில் 1 லட்சத்துக்கு மேல் பிடித்துக் கொன்றார்கள் என்று மதிப்பிட்டார்கள். படத்தோடு செய்தி வெளியே வந்தது. வெளியாட்கள் வந்து திட்டிவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், திருச்சபை பேசியது, கிராம சபைகள் தாமே தடை போட்டு, மீறினால் அபராதம் என்றன. 2013இல் ஒரு பறவைகூட வலையில் சாகவில்லை. ஒரே ஆண்டு! வேட்டையை விட்டால் வருமானமே போய்விடும் என்றிருந்த ஊர் அது. நமக்கோ வேட்டையை விட்டால் ஒரு பைசா நஷ்டமில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருச்சி மாவட்டத்திலேயே தோப்புப்பட்டியும் சாம்பட்டியும் ஆலமரத்து வவ்வால்களுக்காகத் தீபாவளிப் பட்டாசை விட்டுக்கொடுத்த ஊர்கள். வவ்வாலுக்கு ஒதுக்கிய இரக்கத்தை முயலுக்கும் தேவாங்குக்கும் ஒதுக்க நம்மால் முடியாதா?

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஜனவரி 26 கிராம சபையில் யாராவது ஒருவர் எழுந்து, "நம் ஊராட்சி எல்லைக்குள் திருவிழா வேட்டை கிடையாது" என்று தீர்மானம் கேளுங்கள். கைதூக்க வெட்கப்படாதீர்கள். ஒருவர் எழுந்தால் நாலு பேர் கூட நிற்பார்கள், அத்தனை பேர் மனதிலும் இது இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காராதீர்கள். சிவராத்திரி தாண்டினால் மார்ச் 22 சபை இருக்கிறது, மே 1 இருக்கிறது. பங்குனி, சித்திரை வேட்டைகளுக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

கன்னி, சிப்பிப்பாறை வளர்க்கும் தம்பிகளே, உங்கள் நாயின் அழகு அது ஓடுவதில் இருக்கிறது, கவ்வுவதில் இல்லை. விடிகாலையில் வறண்ட குளத்துக்குள் ஓடவிடுங்கள், பார்க்க நாங்களும் வருகிறோம். ஆசிரியர்களே, திருவிழாவுக்கு முந்தைய வாரம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். வேட்டைக்குப் போகும் அப்பாவைத் தடுக்க வனக்காவலரைவிட ஐந்தாம் வகுப்பு மகளுக்கு அதிக அதிகாரம் உண்டு. அம்மாமார்களே, அக்காமார்களே, கொண்டுவந்த முயலை உலையில் போட மாட்டேன் என்று ஒரு முறை சொல்லுங்கள். முயல் ரத்தம் முடிக்கு நல்லது, உடும்புக் கறி இடுப்புக்கு நல்லது என்கிற பேச்சையெல்லாம் அடுப்பங்கரைக்கு வெளியே நிறுத்துங்கள். வேட்டைப் படம் செல்போனில் வந்தால் கைதட்டும் பொம்மை போடாதீர்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கூட்டம் கிளம்புவது தெரிந்தால் மணப்பாறை வனச்சரக அலுவலகத்துக்கோ 100க்கோ சொல்லுங்கள். சொந்தக்காரன் என்று வாயை மூடிக்கொண்டால் அந்த ரத்தத்தில் நமக்கும் பங்கு உண்டு. முன்கூட்டியே சொல்வது அவனைச் சிறைக்கு அனுப்புவதற்காக இல்லை, சிறைக்குப் போகாமல் காப்பதற்காக.

சிவராத்திரி கண்விழிக்கும் இரவு. கோயிலில் விழித்திருங்கள், பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் நாய் கட்டிய இடத்திலேயே கிடக்கட்டும், வலை பரணிலேயே இருக்கட்டும். வையம்பட்டிப் பக்கம் இந்த ஆண்டு வேட்டை நடக்கவில்லை என்று மணப்பாறைச் சந்தையில் பேசிக்கொள்ளும்படி செய்யுங்கள்.